68 மேயர்கள் உள்ள நாடு

மால்டா நாட்டின் மொத்தப் பரப்பு 316 சதுர கிலோமீட்டர். சென்னை மாநகராட்சியின் பரப்பு 426. நாட்டை அப்படியே தூக்கிக்கொண்டு போய்ச் சென்னைக்குள் வைத்தாலும் இடம் மிஞ்சும். இவ்வளவு சின்ன நாட்டில் 68 உள்ளூராட்சி மன்றங்கள் இருக்கின்றன. மால்டா தீவில் 54, பக்கத்தில் உள்ள கோசோ தீவில் 14. ஒவ்வொன்றுக்கும் ஒரு மேயர், ஒரு சின்னம், பெரும்பாலும் லத்தீனில் ஒரு முழக்கம். இரண்டுக்கும் நடுவில் கொமினோ என்று ஒரு குட்டித் தீவு உண்டு. அங்கே குடியிருப்பவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான் என்பதால் அதற்குத் தனி மன்றம் இல்லை. கோசோவில் உள்ள ஆய்ன்சீலெம் என்ற ஊரோடு சேர்த்துவிட்டார்கள். நல்ல வேளை, இல்லாவிட்டால் 69 ஆகியிருக்கும்.

வேலைக்காக இங்கே வந்த புதிதில் இதெல்லாம் எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது. தலைநகர் வல்லெட்டாவிலிருந்து கடலோரமாகப் போகும் பஸ்ஸில் ஏறினால் ஃப்ளோரியானா, பியெத்தா, இம்சிதா, தா ஷ்பியெஷ், கிசிரா, ஸ்லீமா என்று வரிசையாக வரும். ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரு பாட்டைத் தேடி எடுப்பதற்குள் இரண்டு மேயர்களின் எல்லை தாண்டியிருக்கும். எங்கே ஓர் ஊர் முடிந்து அடுத்த ஊர் தொடங்குகிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. கட்டடங்கள் ஒட்டிக்கொண்டே போகின்றன. ஆனால் அந்த ஊர்க்காரர் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள், எந்தத் தெருமுனையில் தன் ஊர் முடிகிறது என்று காட்டிக்கொடுத்துவிடுவார்.

அவருக்கு அது எப்படித் தெரியும் என்றால், அந்த எல்லை மன்றத்தை விடப் பழையது. மால்டாவின் ஊர் என்பது அடிப்படையில் ஒரு பங்கு, அதாவது ஒரு கத்தோலிக்கக் கோவிலைச் சேர்ந்த மக்களின் வட்டாரம். நடுவில் பங்குக் கோவில், அதற்குப் பாதுகாவலராக ஒரு புனிதர், அவருக்கொரு திருவிழா. 1436-இல் தயாரான ஒரு பட்டியலில் இந்தத் தீவில் 12 பங்குகள் இருந்ததாகக் குறிப்பு இருக்கிறது. அப்புறம் ஒவ்வொன்றாகப் பிரிந்து பெருகின. மன்றங்களை உருவாக்கியபோது புதிதாகக் கோடு போட்டு ஊர்களை வெட்டி ஒட்டுவதற்குப் பதிலாக, ஏற்கெனவே மக்கள் மனதில் இருந்த ஊர்களின் மேலேயே மன்றத்தை உட்கார வைத்தார்கள். கணக்குப் பார்க்கும் அதிகாரிக்கு இது எரிச்சலாக இருந்திருக்கும். எனக்கு இது புத்திசாலித்தனமாகத்தான் படுகிறது.

ஊரின் நடுச்சதுக்கத்தில் நின்று ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தால் மொத்த அரசியலும் கண்ணில் படும். கோவில், எதிரே வாத்தியக் குழுவின் மன்றம், அந்தப் பக்கம் தொழிற்கட்சி கிளப், இந்தப் பக்கம் தேசியவாதக் கட்சி கிளப், போலீஸ் நிலையம், மதுக்கடை. உள்ளூராட்சி அலுவலகம் இவற்றுக்கு நடுவிலோ அடுத்த தெருவிலோ அடக்கமாக இருக்கும். வயதில் எல்லோருக்கும் இளையது அதுதான், அதனால் அந்த அடக்கம் பொருத்தம்தான்.

வாத்தியக் குழுக்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கிளாரினெட்டும் டிரம்பெட்டும் வாசிக்கிற ஊர்க் குழு, அதற்குச் சொந்தக் கட்டடம், உள்ளே மதுக்கூடம், சுவரில் பழைய தலைவர்களின் படங்கள். பல ஊர்களில் இரண்டு குழுக்கள் இருக்கும், இரண்டுக்கும் ஆகாது. ஒருவர் தெரு அலங்காரத்துக்குப் புதுத் துணி வாங்கினால் மற்றவர் அடுத்த வருடம் புதுச் சிலை செய்வார். இந்தப் போட்டிக்கு இவர்கள் பீகா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கோசோவின் தலைநகரான விக்டோரியாவில் இதன் உச்சத்தைப் பார்க்கலாம். மக்கள்தொகை 7,000 சொச்சம். பேராலயத்துப் பக்கம் ஒரு குழு, புனித ஜார்ஜ் பசிலிக்கா பக்கம் இன்னொரு குழு. இரண்டும் ஆபராவுக்கு, அதாவது பாட்டிலேயே நடக்கும் நாடகத்துக்கு, ஆளுக்கொரு அரங்கு கட்டி வைத்திருக்கின்றன: அவுரோரா, அஸ்திரா. இரண்டும் ஒரே தெருவில், நடந்தால் சில நிமிட தூரம். ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் வாக்கில் இரண்டிலும் ஆபரா நடக்கிறது. நம்மூரில் ஒரு பேரூராட்சி அளவு கூட இல்லாத இடத்தில் இரண்டு ஆபரா அரங்குகள்! இதை யாரும் திட்டமிட்டு உருவாக்க முடியாது. இப்படிப்பட்ட ஊரில் மேயராக இருப்பவர் இரண்டு பக்கமும் சிரித்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். திருவிழாவுக்குத் தெருவை அடைப்பது, வெடித்த காகிதத்தைக் கூட்டி அள்ளுவது எல்லாவற்றிலும் மன்றத்துக்குப் பங்கு உண்டு. இதில் ஒரு குழுவுக்குக் கூடக் குறைய ஆகிவிட்டால் வருடம் முழுக்கப் பேச்சு வாங்க வேண்டியிருக்கும்.

ஊர்ப் பெருமை என்று வந்துவிட்டால் பட்டங்களும் உண்டு. புனித யோவான் அமைப்பைச் சேர்ந்த வீரத்துறவிகள் இந்தத் தீவை ஆண்ட காலத்தில், அவர்களுடைய தலைவர்கள் சில கிராமங்களுக்கு நகரம் என்ற பட்டம் கொடுத்தார்கள். பெரும்பாலும் தங்கள் பெயரையே வைத்து. ரொட்டிக்குப் பெயர்போன ஓர்மி 1743-இல் பின்டோவின் நகரம் ஆனது. ஸெப்புஜ் 1777-இல் ரோஹானின் நகரம் ஆனது. கடைசித் தலைவர் ஹொம்பெஷ் 1797-இல் பதவிக்கு வந்தார். அந்த ஒரே ஆண்டில் ஸப்பார், ஸெய்துன், சிஜ்ஜீவி மூன்றுக்கும் பட்டம் வழங்கினார். அடுத்த ஆண்டு ஜூனில் நெப்போலியன் வந்து இறங்கினார், ஹொம்பெஷ் தீவை ஒப்படைத்துவிட்டுக் கிளம்பினார். ஆட்சி போனாலும் பட்டம் போகவில்லை. இன்றைக்கும் ஸப்பார்க்காரர் ஒருவரிடம் உங்கள் கிராமம் என்று பேச்சை ஆரம்பித்துப் பாருங்கள், ஹொம்பெஷின் பெயர் வந்துவிடும்.

இந்த ஊர்கள் எல்லாம் ஒரே அளவு என்று நினைத்துவிடக் கூடாது. மதில் சூழ்ந்த பழைய தலைநகரம் ம்தினாவில் குடியிருப்பவர்கள் சுமார் 200 பேர். பகல் முழுக்கச் சுற்றுலாப் பயணிகள் நிரம்பி வழிவார்கள், இருட்டினால் தெருக்கள் காலி. அந்த 200 பேருக்கு 5 உறுப்பினர்கள் கொண்ட மன்றம் ஒன்று உண்டு. நாற்பது பேருக்கு ஒரு பிரதிநிதி. வடக்கே சான் பவ்ல் இல் பஹார் மன்றத்தில் 2021 கணக்கெடுப்பின்படி 32,000-க்கும் மேற்பட்டவர்கள். அங்கே 13 உறுப்பினர்கள். சட்டப்படி 5-க்குக் கீழேயும் போக முடியாது, 13-க்கு மேலேயும் போக முடியாது. நாட்டின் தலைநகரம் வல்லெட்டா இதில் எங்கே வரும் என்று பார்த்தால், 6,000 பேர் கூட இல்லை. அலுவலகம், நீதிமன்றம், நாடாளுமன்றம் எல்லாம் அங்கே. வேலை முடிந்ததும் எல்லோரும் பஸ் பிடித்துத் தங்கள் ஊருக்குப் போய்விடுகிறார்கள்.

இத்தனை பழமையான ஊர்கள் இருந்தும் மன்றங்களுக்கு வயது முப்பது சொச்சம்தான். மத்திய காலத்தில் ம்தினாவிலும் கோசோவிலும் உனிவெர்சிதா என்ற உள்ளூர் ஆட்சி அமைப்பு இருந்தது. சிசிலியிலிருந்து கோதுமை வாங்கித் தீவுக்குச் சோறு போட்டதே அதுதான். ஆங்கிலேயர் வந்த பிறகு ஆளுநர் தாமஸ் மெய்ட்லாண்ட் 1819-இல் அதைக் கலைத்தார். அதற்கப்புறம் நீண்ட இடைவெளி. கோசோவில் மட்டும் 1961 முதல் ஒரு குடிமை மன்றம் இயங்கியது. 1973-இல் அதை வைத்துக்கொள்வதா கலைப்பதா என்று ஒரு வாக்கெடுப்பு நடத்தினார்கள். வாக்களிக்க வந்தவர்கள் 2 சதவீதம் கூட இல்லை. அந்தச் சொற்பப் பேரில் பெரும்பாலானோர் கலைக்கலாம் என்றார்கள், கலைத்துவிட்டார்கள். 98 சதவீதம் பேர் வீட்டில் இருந்துவிட்ட ஒரு வாக்கெடுப்பை மக்கள் தீர்ப்பு என்று சொல்வதற்கு ஒரு தைரியம் வேண்டும்.

கடைசியில் எடி ஃபெனெக் அதாமி பிரதமராக இருந்தபோது, 1993-இல் உள்ளூராட்சி மன்றச் சட்டம் வந்தது. முதலில் 67 மன்றங்கள். ஆங்கிலேயரின் ராணுவக் குடியிருப்பாக இருந்த இம்தார்ஃபா, ரபாத்திலிருந்து பிரிந்து 2000-இல் 68-ஆவது ஆனது. 2001-இல் அரசியலமைப்பிலேயே உள்ளூராட்சிக்கு இடம் கொடுத்தார்கள்.

தேர்தல் முறையும் வித்தியாசமானது. நம்மைப் போல ஒருவருக்கு முத்திரை குத்திவிட்டு வருவது கிடையாது. வாக்குச்சீட்டில் உள்ள பெயர்களுக்கு நேரே 1, 2, 3 என்று விருப்ப வரிசை எழுத வேண்டும். நாடாளுமன்றத்துக்கு 1921 முதல் இதே முறைதான். ஐந்து இடங்கள் என்றால் ஆறில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் அதிகமான வாக்கு கிடைத்தவர் ஜெயித்தார். அவருக்கு மிஞ்சிய வாக்குகள் அடுத்த விருப்பத்துக்குப் போகும். கடைசியில் நிற்பவரை நீக்கி அவருடைய வாக்குகளையும் அப்படியே பிரிப்பார்கள். அறுதிப் பெரும்பான்மை இடங்களைப் பிடித்த கட்சியில், முதல் எண்ணிக்கையில் அதிக வாக்கு வாங்கியவர் மேயர். ஆக ஒரே கட்சிக்காரர்களுக்குள்ளும் போட்டிதான். சொந்தக் கட்சிக்காரரை முந்தினால்தான் நாற்காலி என்பதால் ஒரே தெருவில் ஒரே கட்சியின் இரண்டு வேட்பாளர்கள் தனித்தனியாகக் கதவைத் தட்டுவார்கள்.

வாக்கு எண்ணிக்கை நஷ்ஷாரில் உள்ள ஒரு பெரிய கூடத்தில் நடக்கும். எண்ணுபவர்களுக்கும் கட்சி முகவர்களுக்கும் நடுவில் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் தடுப்பு. முடிவு தெரிந்ததும் ஜெயித்த கட்சியினர் அந்தத் தடுப்பைக் கையால் ஓங்கி ஓங்கித் தட்டுவார்கள். அதைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்கு, அறிவிப்பு வருமுன்பே யார் ஜெயித்தது என்று புரிந்துவிடும். 2019-இலிருந்து எல்லா மன்றங்களுக்கும் ஒரே நாளில், ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலோடு சேர்த்து நடத்துகிறார்கள். கடைசியாக நடந்தது 2024 ஜூன் 8. உள்ளூராட்சிக்கு 16 வயதிலேயே வாக்குரிமை உண்டு. பொதுத் தேர்தலுக்கு அந்த உரிமை 2018-இல்தான் வந்தது. பிள்ளைகள் முதலில் ஊர் மன்றத்தில்தான் பழகினார்கள்.

சரி, இவ்வளவு ஆரவாரமாகத் தேர்ந்தெடுக்கிற மன்றத்தின் கையில் என்ன இருக்கிறது? இங்கேதான் கதை கொஞ்சம் சப்பென்று ஆகும்.

முதலாவது, வரி போடும் அதிகாரம் இல்லை. மால்டாவில் வீட்டு வரி என்பதே கிடையாது. வருடத்துக்கு இவ்வளவு என்று மத்திய அரசு கொடுப்பதை வைத்துத்தான் காலம் தள்ள வேண்டும். மேயர் பதவி முழுநேர வேலை இல்லை; பெரும்பாலான மேயர்கள் வேறு வேலையும் பார்க்கிறார்கள். அலுவலகத்தை நடத்துவது, கணக்கு எழுதுவது எல்லாம் செயலாளர். தெருவைக் கூட்டுவது, பூங்கா, விளையாட்டுத் திடல், ஊர் நூலகம், நடைபாதை, தெருப்பெயர்ப் பலகை என்று ஒரு பட்டியல் உண்டு. அந்தப் பட்டியலும் சுருங்கிக்கொண்டே வருகிறது. வண்டி நிறுத்தத்துக்கு அபராதம் எழுதும் காவலர்கள் ஒரு காலத்தில் மன்றங்களின் கீழ் இருந்தார்கள். 2015-இல் அவர்களை நாடு தழுவிய ஒரே அமைப்பின் கீழ் கொண்டுபோனார்கள். குடியிருப்புத் தெருக்களைப் புதுப்பிக்கும் வேலை அரசின் கட்டமைப்பு நிறுவனத்துக்குப் போனது. ஏழு ஆண்டுகளில் 70 கோடி யூரோ என்ற பெரிய வாக்குறுதியோடு. 2023-இல் குப்பை அள்ளுவதை ஆறு மண்டல மன்றங்களிடம் ஒப்படைத்தார்கள்.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் நியாயம் சொல்ல முடியும். 200 பேர் உள்ள ஊருக்குத் தனியாக ஒரு குப்பை லாரி ஒப்பந்தம் போடுவது வீண் செலவுதான். குப்பையைப் பொறுத்தவரை மாற்றம் நன்றாகவே வேலை செய்கிறது என்பது என் அனுபவம். முன்பு ஊருக்கு ஒரு கிழமை, இப்போது நாடு முழுக்க ஒரே அட்டவணை. திங்கள், புதன், வெள்ளி உணவுக் கழிவு, வெள்ளைப் பை. செவ்வாயும் சனியும் மற்ற குப்பை, கறுப்புப் பை. வியாழன் மறுசுழற்சி. கண்ணாடி மாதத்தின் முதல், மூன்றாம் வெள்ளிக்கிழமை. வீடு மாறினாலும் இதை மறுபடி மனப்பாடம் செய்ய வேண்டாம்.

ஆனால் வேலை மேலே போன அளவுக்குத் திட்டு மேலே போகவில்லை. பை கிழிந்து தெருவில் மீன் செதில் கிடந்தால் யாரும் மண்டல அலுவலகத்தைத் தேடிப் போவதில்லை. அது எங்கே இருக்கிறது என்றே பலருக்குத் தெரியாது. நேரே சதுக்கத்துக்குப் போய் மேயரைப் பிடிப்பார்கள். அவர் காபி குடித்துக்கொண்டிருப்பார், வசமாக மாட்டுவார். அதிகாரத்தை எடுத்துக்கொண்டு பழியை மட்டும் ஊரிலேயே விட்டுவைத்தது சரியான ஏற்பாடு என்று எனக்குத் தோன்றவில்லை.

அதிகாரம் இல்லாத இடத்திலும் சில மன்றங்கள் சண்டை போட்டிருக்கின்றன. கிசிராவின் கடலோரப் பூங்காவுக்குள் ஒரு பெட்ரோல் நிலையத்தை நகர்த்த முயற்சி நடந்தபோது, அந்த ஊர் மன்றமே நீதிமன்றத்துக்குப் போய் எதிர்த்து நின்றது. இந்தத் தீவில் எங்கே திரும்பினாலும் கிரேன் நிற்கிறது. இரண்டு மாடி வீடு இடிந்து ஏழு மாடி எழுகிறது. கட்டட அனுமதி மன்றத்தின் கையில் இல்லை, ஆட்சேபம் சொல்ல மட்டுமே முடியும். ஆனாலும் தெருவாசிகள் நூறு பேர் தனித்தனியாகக் கத்துவதற்கும் அவர்கள் வாக்களித்த ஓர் அமைப்பு கையெழுத்துப் போட்டு எதிர்ப்பதற்கும் வித்தியாசம் உண்டு.

வாக்களித்தவர்கள் என்று சொல்லும்போது என் போன்றவர்களையும் பேச வேண்டியிருக்கிறது. 2021 கணக்கெடுப்பில் நாட்டின் மக்கள்தொகை 5,19,562. அதில் ஐந்தில் ஒருவருக்கு மேல் வெளிநாட்டவர். மருத்துவமனை, முதியோர் இல்லம், ஓட்டல், உணவு டெலிவரி, பஸ் ஓட்டுநர் இருக்கை என்று எங்கே பார்த்தாலும் இந்தியர், நேபாளி, பிலிப்பினோ. சான் பவ்ல் இல் பஹாரில் சில தெருக்களில் மால்டா மொழியே காதில் விழாது. இத்தாலியரோ பல்கேரியரோ என்றால் இங்கே பதிவு செய்துகொண்டு உள்ளூராட்சித் தேர்தலில் வாக்களிக்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்த நமக்கு அது கிடையாது. பங்கை அடிப்படையாக வைத்த ஊரில், அந்தப் பங்கையும் சேராமல் வாக்காளர் பட்டியலிலும் வராமல் இருப்பவர்கள் சில இடங்களில் தெருக்கணக்கில் இருக்கிறார்கள். குப்பைப் பை எங்களுடையதும் இருக்கிறது. நடைபாதையில் நாங்களும்தான் தடுக்கி விழுகிறோம்.

நான் இருக்கும் தெருவில் நடைபாதை ஒரு இடத்தில் பெயர்ந்து கிடக்கிறது. ஊரின் பெயர் வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரர் கப்பல் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். எல்லோரையும் ஷ்பின், அதாவது சகா என்று கூப்பிடுவார், அதனால் நானும் அவரை அப்படியே கூப்பிடுகிறேன். எனக்கு ஓட்டு இல்லையே, யார் கேட்பார்கள் என்று ஒரு நாள் சொன்னேன். "என்னிடம் இருக்கிறதே" என்றார். "உனக்கு என்ன வேண்டும் என்று சொல், நான் கேட்கிறேன்."

வருடத்துக்கு ஒருமுறை ஊர்க்காரர்களைக் கூட்டி மன்றம் கணக்குச் சொல்லும் கூட்டம் ஒன்று உண்டு. அதற்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். பின்வரிசையில் உட்கார்ந்தோம். முக்கால்வாசி மால்டா மொழியில் நடந்தது. வந்தவர்கள் சொற்பம்தான், ஆனால் வந்த எல்லோரும் பேசினார்கள், சிலர் ஒரே நேரத்தில். ஒரு அம்மாள் புறாத் தொல்லையைப் பற்றி நெடுநேரம் பேசினார். ஷ்பின் எழுந்து நடைபாதையைப் பற்றிச் சத்தமாகக் கேட்டார், நடுவில் என்னைக் கைகாட்டினார். மேயர் எனக்காக ஆங்கிலத்துக்கு மாறி, அந்தத் தெரு கட்டமைப்பு நிறுவனத்தின் பட்டியலில் இருக்கிறது, நாங்கள் கடிதம் எழுதியிருக்கிறோம் என்று பதில் சொன்னார். எழுதி வைத்துக்கொண்டதாகவும் சொன்னார்.

கடிதத்துக்கு இன்னும் பதில் வரவில்லை போலிருக்கிறது. 2029 தேர்தலில் மேயருக்கு நாலாவது இடம்தான் எழுதப்போகிறேன் என்று ஷ்பின் கதவடியில் பார்க்கும்போதெல்லாம் சொல்கிறார். போன தடவை எத்தனாவது இடம் எழுதினீர்கள் என்று கேட்டேன். சொல்ல மறுத்துவிட்டார்.